மிக்ஸி ஓடும் நேரம்

பாதுகாப்புச் சட்டத்தில் புதிய திருத்தம் வந்தது. முன்னாள் அமைச்சரின் மனைவிக்கும் காவல் உண்டு. ஆனால் அவர் கணவரோடு சேர்ந்து வாழ வேண்டும். ஒரு வாரம் இருவருக்கும் பேச்சு இல்லையென்றால் பிரிந்துவிட்டதாகப் பொருள். அதைக் கவனிக்கக் கூடத்துச் சுவரில் ஒரு கருவியைப் பொருத்தினார்கள்.

அன்றிலிருந்து வேதவல்லி, முன்னாள் அமைச்சரான தன் கணவர் தணிகாசலத்திடம் பேசவில்லை. கோபம் எதுவும் இல்லை. காவலர்கள் சூழ மீன் சந்தைக்குப் போனால் யாரும் அவளிடம் பேரம் பேசுவதில்லை. பயந்து, கேட்ட விலைக்கே கொடுத்துவிடுகிறார்கள். காவல் வேண்டாமென்று சொல்லவும் சட்டத்தில் இடமில்லை.

வாரம் முடிந்தது. காவலர் எஸ்தர் வாசலில் விடைபெற்றாள்.

"ஐயாகிட்ட ஒரு வார்த்தை பேசிடுங்க மேடம். நாளைக்கே திரும்பி வந்துடுவேன்."

"அதனாலதாம்மா பேசல" என்றாள் வேதவல்லி.

கூடையோடு தனியாகக் கிளம்பினாள். திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. சொல்ல வாய் துடித்தது. தணிகாசலத்துக்கும் கேட்க ஆசை. இருவரும் சுவரைப் பார்த்தார்கள்.

அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். அவளும் பின்னாலேயே போனாள். அவர் காலி மிக்ஸியை ஓடவிட்டார். அந்த இரைச்சலில் கருவிக்கு எதுவும் கேட்காது.

"என்னடி ஆச்சு?" என்றார், அவள் காதருகே குனிந்து.

"வாங்க வந்த மூஞ்சியப் பாருன்னு மீன்காரம்மா திட்டிட்டாங்க."

"நெசமாவா?"

"ஆமாங்க. நானும் விடல."

அவர் மிக்ஸியின் வேகத்தைக் கூட்டினார்.

"மொதல்லேருந்து சொல்லு."