மதகடியில் யார் முறை

ஓர் ஏரியில் கொக்கும் நாரையும் மீன்கொத்தியும் மீன் பிடித்துப் பிழைத்து வந்தன. மீன் அதிகம் புரளும் இடம் மதகடிதான். ஆனால் அங்கே இரண்டு பேர் நின்றால் மீன் கலைந்து ஓடிவிடும். தினமும் சண்டை போட்டு அலுத்துப்போய், ஆளுக்கு ஒரு நாள் என்று மூன்றும் முறை வைத்துக்கொண்டன.

கொக்கின் முறை வந்தது. கூட்டில் அதன் இரண்டு குஞ்சுகளும் முந்தின நாளிலிருந்து பட்டினி. விடிந்ததும் மதகடியில் போய் நின்றது. சற்று நேரத்தில் எருமைகள் கூட்டமாக இறங்கித் தண்ணீரைச் சேறாக்கிவிட்டன. பொழுது சாயும்வரை காத்திருந்தும் ஒரு கெண்டைகூடக் கண்ணில் படவில்லை.

கொக்கு யாரிடமும் குறை சொல்லாமல் கிளம்பியது. நாரை அதை நிறுத்தி, "எருமை இறங்கிய நாளெல்லாம் ஒரு முறையா? நாளைக்கும் நீயே நில்" என்றது.

"நாளைக்கு உங்கள் முறையாயிற்றே, அக்கா?"

"நான் மறுநாள் நின்றுகொள்கிறேன்."

கிளையில் இருந்த மீன்கொத்திக்கு முகம் சுருங்கியது. அதன் முறையும் ஒரு நாள் தள்ளிப்போகுமே. கொஞ்சம் யோசித்துவிட்டு, "என் முறையன்று எருமை இறங்கினாலும் இப்படித்தானே?" என்று கேட்டது.

"இப்படித்தான்."

"அப்படியென்றால் எனக்குச் சம்மதம்."

மறுநாள் தண்ணீர் தெளிந்திருந்தது. உச்சிப்பொழுதுக்குள் நான்கு கெண்டைகள் கூட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. குஞ்சுகள் வயிறு நிறைந்து தூங்கின. கொக்கு மதகடிக்குத் திரும்பவில்லை. நேரே நாரை நின்றிருந்த கரைக்குப் போய், "மிச்சப் பொழுது சும்மாத்தானே கிடக்கிறது? போய் நில்லுங்கள், அக்கா" என்றது.