நாற்பத்தோரு டீக்கடைகள்

கையில் இருந்தது இரண்டு லட்சம். என்ன தொழில் தொடங்கலாம் என்று கோமதிநாயகம் ஆலோசனை இயந்திரத்திடம் கேட்டான். ஊரே அதனிடம்தான் கேட்டது. அதுவும் சலிக்காமல் எல்லோருக்கும் டீக்கடை என்றே சொல்லியிருந்தது. ஒரே தெருவில் நாற்பத்தோரு டீக்கடைகள்.

"நீங்க பழைய சாமான் வாங்கி விக்கிற கடை போடுங்க" என்றது அவனிடம்.

"சாமானுக்கு எங்க போறது?"

"ஆறு மாசம் பொறுங்க. நாப்பத்தோரு கடையிலேருந்தும் தானா வரும்."

நாற்பத்தோராவது கடை அவன் மனைவியின் தம்பி சுடலைமுத்துவுடையது. மறுநாள் திறப்பு விழா. வாயெல்லாம் பல்லாக அவன் முதல் டீயை அத்தானிடம் நீட்டினான். கோமதிநாயகம் டீயைக் கவனிக்கவில்லை. பளபளத்த புது பாய்லரைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தான்.

"நல்லா வருவ மாப்ள. பாய்லர மட்டும் நசுங்காம வச்சுக்கோ."