குக்கர் கெண்டி

கவிழ்த்துப் பார்த்தாள்.

அருளப்பன்.

அடியில் அவன் முத்திரை. நடுவில், அழுத்தமாக.

குக்கர் உருவில் அவள் செய்த பீங்கான் கெண்டி அது. கைப்பிடி, மூடியின் விளிம்பு, மேலே வெயிட், எல்லாமே மண்ணில். பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி வடிவில் வெண்ணெய்க் கிண்ணம். ரப்பர் செருப்பு வடிவில் சோப்புத் தட்டு. ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள்.

அருளப்பன். அருளப்பன்.

அவள் பொறித்த ‘தெ’ எதிலும் இல்லை. தங்கையின் பிரசவத்துக்காக அவள் காரைக்காலில் இருந்த பத்து நாளில், மண் காய்வதற்குள் அதைத் தேய்த்து அழித்திருக்கிறான். தன் பெயரைக் குத்திச் சூளையில் வைத்திருக்கிறான்.

மூன்று வருடமாக இவற்றைச் சொப்பு என்று சிரித்த கணவன்.

“ஒரே பேர்ல இருந்தாத்தான் எடுப்பா இருக்கும், தெரேசா. நீ வேற நான் வேறயா?”

பீங்கான் செருப்பைச் சுவரை நோக்கி ஓங்கினாள்.

வாசலில் கார் வந்து நின்றது. கண்காட்சிக்குப் பொருள் தேர்ந்தெடுக்கச் சென்னையிலிருந்து வந்த மங்கையர்க்கரசி.

செருப்பைக் கீழே வைத்தாள்.

உள்ளே போய்த் தேநீர் போட்டாள். வடிகட்டினாள். கெண்டியின் உச்சித் துளை வழியாக ஊற்றி, வெயிட்டை அழுத்தி மூடினாள்.

திரும்பி வந்தபோது அவன் பேசிக்கொண்டிருந்தான்.

“வீட்டுச் சாமான் மேல எனக்கு எப்பவுமே ஒரு கண்ணு, மேடம்.”

இருபது வருடத்தில் அவன் ஒருநாள்கூடக் குக்கரைத் திறந்து அவள் பார்த்ததில்லை.

கெண்டியை அவன் முன்னால் வைத்தாள்.

“நீங்களே ஊத்துங்க.”

சாய்த்தான். இரண்டு சொட்டு விழுந்தது. நின்றது.

இன்னும் சாய்த்தான். குலுக்கினான்.

“தேயிலை அடைச்சிருக்கும்.”

வெயிட்டை ஒரு விரலால் சற்றுத் தூக்கினால் போதும், காற்று உள்ளே போகும், தேநீர் வரும். துளையில் அது இறுக்கமாக உட்காரும் அளவு கிடைக்க நான்கு மாதம் செய்து செய்து உடைத்திருக்கிறாள்.

அவன் கெண்டியின் மூக்கில் வாய் வைத்து ஊதினான்.

மங்கையர்க்கரசி கோப்பையைத் தள்ளி வைத்தாள். தெரேசாவின் பக்கம் திரும்பினாள்.

“இதுல எப்படிங்க ஊத்தணும்?”

தெரேசா கைகளைக் கட்டிக்கொண்டாள்.

“செஞ்சவரக் கேளுங்க.”