எட்டாம் எண்

தெருவில் கடைசி வீடு தேவசகாயத்தினுடையது. பொழுது சாய்ந்தால் முன்னால் உள்ள வீடுகளில் ஒவ்வொருவராக ஸ்டெபிலைசரின் எண்ணைக் கூட்டுவார்கள். அவர்கள் கூட்டக் கூட்ட இவர் வீட்டில் வோல்டேஜ் இறங்கும். அன்றும் மனைவி எஸ்தரின் ஆக்சிஜன் மெஷின் இழுக்க முடியாமல் முனகியது. அவர் தன் ஸ்டெபிலைசரின் குமிழைத் திருப்பினார். ஆறு, ஏழு, எட்டு. அதற்கு மேல் உள்ளே இருக்கும் சுருளில் இணைப்பு கிடையாது. அந்தச் சுருளைச் சுற்றி, எட்டுக் கம்பிகளையும் ஈயம் வைத்துப் பற்றவைத்தவரே அவர்தான்.

“இன்னும் ஒண்ணு கூட்டுங்களேன்,” என்றாள் எஸ்தர், கண்ணைத் திறக்காமல்.

அவர் சத்தமில்லாமல் ஏழுக்கு இறக்கினார். மெஷின் திணறியது. பிறகு அவளுக்குக் கேட்கும்படி ‘டக்’கென்று எட்டில் வைத்தார்.

“இப்ப பரவால்ல,” என்றாள்.

அவர் குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு ஜன்னலில் வெளிச்சம் கூடியது.