வெருளியின் சட்டை

வெருளி சட்டை மாற்றியிருந்தது.

நேற்றுக் காலை வரை அந்த வைக்கோல் பொம்மைக்கு நீலக்கோடு போட்ட நீட்டுக்கைச் சட்டை. இன்று காலை மண்ணிறத்தில் ஒரு கந்தல். வீரகத்தி கச்சான் தோட்டத்து வரம்பில் நின்று கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார். கந்தல்தான். தெறி ஒவ்வொன்றும் துளை மாறாமல் ஒழுங்காகப் பூட்டியிருந்தது.

போன மாதமும் இப்படித்தான். நல்ல சட்டை போய்க் கந்தல் வந்தது.

"இஞ்சரும்! திரும்பவும் களவு!"

குசினியிலிருந்து மனைவி சிவனேஸ்வரி எட்டிப் பார்த்தாள்.

"வெருளியின்ரை சட்டைதானே? விடுங்கோ. நாளைக்குக் காலமை வேறை ஒண்டு போட்டுவிடுறன்."

"வெருளி என்ன கடையிலை வாங்கினதோ? என்ரை சட்டை! ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்திலை ஆளை எழுப்பி நிப்பாட்டுறன்."

"ஊருக்கு முன்னாலை நிப்பாட்டினால் பிறகு அந்த மனிசனை ஆர் வேலைக்குக் கூப்பிடுவினம்?"

"அதைக் களவெடுக்க முந்தி யோசிச்சிருக்க வேணும்."

கமக்காரர் சங்கத்துக்கு வீரகத்திதான் தலைவர். சொன்னால் செய்வார். விசுவமடுவில் அது எல்லாருக்கும் தெரியும்.

துப்பறிய ஆள் வேண்டும். மோட்டார் சைக்கிளில் துணி மூட்டையோடு வீடு வீடாகப் போகிற சரீப் அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார். கந்தலை வாங்கி விரித்தார். முகர்ந்தார். வெயிலுக்குப் பிடித்தார்.

"அண்ணை, வலக்கையைப் பாருங்கோ. முழங்கையிலை தேய்ஞ்சு நூலாப் போச்சு. இடக்கை புதுசு மாதிரிக் கிடக்கு."

"அதாலை?"

"ஆள் எழுத்து வேலைக்காரன். எழுதுற கை மேசையிலை உரஞ்சித் தேயும். மற்றக் கை சும்மா கிடக்கும்."

"கந்தோர் ஆளோ! சம்பளமும் எடுத்துக்கொண்டு வெருளியிட்டைச் சட்டையும் பறிக்கிறானோ!"

"எதுக்கும் பக்கத்துக் காணியிலை புல்லுப் புடுங்கிற பிரதாபனையும் ஒருக்கா விசாரிப்பம்."

"விசர்க்கதை கதையாதை. அவன் ஒற்றைக் கையாலை உழைச்சு ரெண்டு பிள்ளையளை வளர்க்கிறவன். தைப்பொங்கலுக்கு மனிசி ஒரு சட்டை குடுக்க, 'சும்மா ஒண்டும் வாங்கமாட்டன் அக்கா' எண்டு திருப்பித் தந்தவன். அவனோ கள்ளன்?"

"அதுவும் சரிதான்" என்று சரீப் கந்தலை மடித்து வைத்தார். "வேறை சட்டை ஏறினால் ஆள் திரும்ப வருவான். நாளைக்கு மத்தியானம், தோட்டத்திலை ஆளில்லாத நேரம், ஒளிச்சிருந்து பிடிப்பம்."

"பிடிப்பம். மனிசிக்குச் சொல்லாதை. கெடுத்துப்போடுவா."

மறுநாள் மத்தியானம். வெருளிக்குக் காலையிலேயே சிவனேஸ்வரி கோப்பி நிறச் சட்டை போட்டுவிட்டிருந்தாள். மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் இரண்டு பேரும் குப்புறப் படுத்திருந்தார்கள்.

"அண்ணை, முசுறு கடிக்குது."

"பொறு. துப்பறியிறவன் சொறியக் கூடாது."

வேலியோரம் காலடி கேட்டது. வந்தது பிரதாபன்.

கச்சானுக்குள் இரண்டு மயில்கள் கடலையைக் கிளறிக்கொண்டு நின்றன. முதலில் மண்கட்டி எறிந்து அவற்றைக் கலைத்தான். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு வெருளியின் சட்டையைக் கழற்றித் தான் போட்டுக்கொண்டான். போட்டிருந்த கந்தலை வெருளிக்கு மாட்டி, கழுத்துப்பட்டியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தெறியாகப் பூட்டினான். இருப்பது வலக்கை ஒன்றுதான். அவசரப்படவில்லை.

வீரகத்திக்குக் காது சிவந்தது.

"இவனையோ நான் நல்லவன் எண்டனான்? ஞாயிற்றுக்கிழமை இருக்கு இவருக்கு!"

எழும்பப் போனவரின் சாரத்தைச் சரீப் பிடித்து இழுத்தார்.

"இருங்கோ அண்ணை. அந்தச் சட்டையின்ரை இடக்கையைப் பாருங்கோ."

"என்ன அதிலை?"

"தொங்கேல்லை. அவன்ரை கை எங்கை முடியுதோ, சட்டைக் கையும் அங்கைதான் முடியுது. வெட்டி, மடிச்சு, மெஷினிலை அடிச்சிருக்கு. அளவுக்குத் தைச்சது."

"இப்பதானே போட்டவன்? எப்ப தைச்சவன்?"

"அதைத்தான் நானும் கேக்கிறன். வெருளிக்கு ரெண்டு கையும் முழுசாத்தானே கிடக்கு?"

வீரகத்தி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிரதாபன் வேலியால் போய் மறையும் வரைக்கும் படுத்தே கிடந்தார். முசுறு கடித்தது. சொறியவில்லை.

வீட்டுக்குள் நுழையத் தையல் மெஷின் சத்தம் நின்றது.

"இந்த வெயிலுக்கை எங்கை போனியள்? நெஞ்செல்லாம் மண்."

"சும்மா."

"கள்ளன் ஆம்பிட்டானோ?"

"கள்ளனும் இல்லை, ஒருத்தனும் இல்லை. காத்து அடிச்சுக்கொண்டு போயிருக்கு."

"காத்தோ? தெறி பூட்டுற காத்தோ?"

"ஓம். அப்பிடியும் காத்து இருக்கு."

அவர் அலுமாரியைத் திறந்தார். மகள் சுதர்சினி கனடாவிலிருந்து அனுப்பிய வெள்ளை நீட்டுக்கைச் சட்டை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போடவென்று உறை பிரிக்காமல் வைத்திருந்தது. எடுத்து வந்து மெஷின்மேல் போட்டார்.

"பொங்கலுக்கு வெருளியும் போகட்டும். இடக்கையை அளவாத் தையும்."