திரை மூடாத ஜன்னல்

யூதர்களின் எட்டு நாள் விளக்குத் திருநாளான ஹனுக்காவின் ஐந்தாம் மாலை. பல்கலைக்கழக விடுதியின் முதல் மாடியில், நேற்று யாரோ எறிந்த முட்டை ஜன்னல் கண்ணாடியில் மஞ்சளாய் உறைந்து கிடக்கிறது. தீர்சா மெழுகுவர்த்திகள் செருகிய பித்தளை விளக்கை ஜன்னல் விளிம்பில் வைக்கிறாள்; அறைத்தோழி யாயெல் அதை எடுத்து மேசைமேல் வைக்கிறாள். "ஆபத்து காலத்துல மேசையில ஏத்தினாலே போதும்னு நம்ம மதச் சட்டமே சொல்லுதுடி." "இது ஆபத்து இல்லடி, முட்டை. அதுவும் ஆம்லெட் போடத் தெரியாத எவனோ எறிஞ்சது." யாயெல் சிரிக்கவில்லை. "இன்னிக்குக் கல்லு வந்தா?" நேற்று சத்தம் கேட்டதும், அறையில் தனியாக இருந்த தீர்சா முதலில் செய்தது திரையை இழுத்து மூடியதுதான். யாயெலிடம் அதைச் சொல்லவில்லை. அந்த வெட்கம் கண்ணாடிக் கறையைவிட அழுத்தமாக ஒட்டியிருக்கிறது. விளக்கை மறுபடி ஜன்னலுக்கே கொண்டுபோகிறாள். விளக்கேற்றும் ஆசி ஜெபத்தைப் பாடி, இன்றைய நாளுக்கான புதிய மெழுகுவர்த்தியை முதலிலும் கடந்த நாள்களுக்கான நான்கை அடுத்தும் ஏற்றுகிறாள். கறையின் விளிம்புகள் பொன்னாய் மின்னுகின்றன. கீழே பனியை நொறுக்கி வந்த காலடிகள் சட்டென நிற்கின்றன. யாயெலின் கை திரைக்குப் போகிறது. "விடுடி, பாக்கட்டும். பாக்கணும்னுதானே இங்க வைக்கிறோம்." திரையைப் பற்றிய விரல்கள் மெல்ல விலகுகின்றன. யாயெல் வந்து தோளோடு தோள் ஒட்டி நிற்கிறாள், கீழே நிற்பவருக்கு இரண்டு முகங்களும் தெரியும்படி.