சேற்றில் கிடைத்த தோடு

ஆடி மழையில் மலை சரிந்து மூன்றாம் நம்பர் லயத்து வீடுகளை மூடியபோது எல்லாரும் கொழுந்தெடுக்கப் போயிருந்தார்கள். உயிர் தப்பியது. தட்டுமுட்டும் நகைநட்டும் மண்ணுக்குள் போய்விட்டன.

மறுவாரமே பேச்சு கிளம்பியது. தேயிலை சலிக்கிற முத்துலிங்கம், பழைய சல்லடையோடு தினமும் அந்த மண்ணைச் சலிக்கிறாராம். ஞாயிறானால் நோர்வூட் டவுன் நகைக்கடைக்குள் நுழைகிறாராம்.

தோட்டத் தலைவர் ஆண்டியப்பனிடம் முதலில் ஓடிவந்தவள் ராக்காயி.

"நம்ம தங்கத்த வித்துத் திங்கிறாருண்ணே."

"நீ பாத்தியா?"

"பின்ன, நகைக்கடையில கருவாடா விக்கிறான்? காதுல கெடந்த கடுக்கனையும் கழட்டிட்டாரு. ஏழை வேசம்."

"உனக்கு என்ன போச்சு?"

"செவப்புக்கல் தோடு. அழாத நாளில்ல. எங்க வீட்டுக்காரருக்கும் சோறு எறங்கல."

திருட்டென்று தெரிந்தால் மேனேஜர் துரை ஆளைத் தோட்டத்தைவிட்டே விரட்டிவிடுவார். ஆண்டியப்பன் முதலில் கோயிலடியில் கூட்டம் போட்டார்.

முத்துலிங்கம் வேட்டி முடிச்சை அவிழ்த்தார். அதே லயத்து வேலாயியின் வெள்ளித் தண்டை ஒன்று. சிவப்புக்கல் தோடு ஒரு ஜோடி.

"மண்ணுல கெடந்துச்சு."

"கடைக்கு எதுக்குப் போனீங்கண்ணே?" என்றார் ஆண்டியப்பன்.

"சேறு போகக் கழுவ."

"நோர்வூட்டுலதான் தண்ணியிருக்கா?" என்றான் ஒருவன். கூட்டம் சிரித்தது.

"மிச்சத்த எங்க வித்தாருன்னு கேளுங்க" என்றான் இன்னொருவன்.

முத்துலிங்கம் வேட்டி முடிச்சைத் திரும்பக் கட்டிக்கொண்டார். ஆண்டியப்பனுக்குப் பொறுமை போயிற்று. "காலையில தொரைகிட்ட சொல்லிடுவேன்."

ராக்காயியின் புருஷன் பழனியாண்டி தோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அதேதான் புள்ள." அவளோ, பிறந்ததிலிருந்து முதல்முறையாக, ஒன்றும் பேசவில்லை.

விடிந்ததும், வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன்னால், ராக்காயி ஆண்டியப்பன் வாசலில் நின்றாள்.

"தொரைகிட்ட போகாதீங்கண்ணே."

"ஏன்? உன் தோடு கெடைச்சதும் நாக்கு பெரண்டுருச்சா?"

"அவரு நம்ம நகை எதையும் விக்கல. இந்தக் கல்லுத் தோட்ட வாங்கத்தான் கடைக்குப் போயிருக்காரு."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

ராக்காயி, புருஷன் பக்கத்தில் இல்லையே என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"என் தோட்ட போன பொங்கலுக்கே வித்துத் தம்பிக்குக் குடுத்துட்டேண்ணே. மல சரிஞ்சதும், பழிய அது மேல போட்டேன்."